தொடாமல் ஓடிய தேர்

மின்கம்பிகளின் வேந்தே, கையேட்டைப் பிரிக்காமலே கரைகண்ட கலைக்கடலே, மாலை ரோபோ வகுப்பின் மூன்றாம் மேசையை முப்பத்தொரு நாள் முற்றுகையிட்ட மாவீரரே, வாழ்க! வகுப்பே ‘சித்தப்பா’ என்றழைக்கும் உம் புகழைப் பாட என் பேனாவுக்குத் தகுதி உண்டா என்பது ஐயமே. ஆயினும் நடந்ததை நடந்த வரிசையில் சொல்வேன்.

இரண்டாம் நிலை வகுப்பில் எஞ்சியிருந்தது ஒரே ஓர் இடம். அதற்காக மோதியவர் இருவர்: பூட்டுக்கடை நடத்தும் சித்தப்பா, தையற்கடையில் வேலை செய்யும் அவருடைய அண்ணன் மகள். பொத்தானை அழுத்தியதும் சாண் நீள ரோபோ வண்டி மேசையின் மறுமுனைவரை ஓடி நிற்க வேண்டும். அவ்வளவே போர்.

ஆறு பன்னிரண்டுக்கு, வண்டியின் மூளையாகிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் வண்ண வண்ண ஒயர்களைப் பகைவர் மார்பில் வேல் பாய்ச்சுவதுபோல் பாய்ச்சிய நம் வீரர், பொத்தானுக்குரிய நீல ஒயரின் ஒரு முனையை மட்டும் போர்டில் செருகி, மறுமுனையை வெற்றிக்கொடியெனக் காற்றில் விட்டு, பொத்தானை நோக்கித் திருக்கரம் நீட்டினார். விரல் படுமுன்பே வண்டி பாய்ந்தது!

“சித்தப்பா, அந்த நீல ஒயர் சும்மா தொங்குது. உங்க கை பக்கத்துல வந்தாலே, பொத்தானை அமுக்கிட்டாங்கன்னு போர்டு ஏமாந்துடுது” என்றாள் அண்ணன் மகள்.

“ஏமாறுதா? என் கைராசிம்மா அது! நீ போய் உன் ஜாக்கெட்டுக்குப் பொத்தான் தை!”

அவர் கையசைத்து வண்டியோட்டிக் காட்டியது பதினேழு முறை. எண்ணிக்கையில் நான் ஒன்றிரண்டு தவறியிருக்கலாம், அவர் செருக்கில் குந்துமணியளவும் குறையவில்லை.

ஏழு மணிக்குச் சோதிக்க வந்த ஆசிரியை, எட்ட நின்று மர அளவுகோலின் நுனியால் பொத்தானை அழுத்தினார். வண்டி அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். போரை வெறுத்துத் துறவு பூண்ட மன்னன்போல் அது அமர்ந்திருந்தது.

“டீச்சர், இது என் கைக்குத்தான் அடங்கும். தள்ளுங்க!”

இவ்வாறு முழங்கி, வெள்ளைச்சட்டை அணிந்த மதயானையென மேசைமேல் கவிழ்ந்தார் சித்தப்பா. முழங்கை இடித்ததில் பக்கவாட்டில் திரும்பிய வண்டி, கை நெருங்கியதும் வீறுகொண்டெழுந்து, விளிம்பைக் கடந்து, விண்ணில் ஒரு கணம் விளங்கி, தரை துடைக்கும் வாளியில் தலைகுப்புற வீழ்ந்து வீரசொர்க்கம் புகுந்தது.

அடுத்து அண்ணன் மகளின் பொத்தானை அளவுகோல் தொட்டது. அவள் வண்டி மறுமுனைவரை ஓடி நின்றது.

சித்தப்பா மறுபடியும் முதல் நிலை வகுப்புக்கே பேர் கொடுத்தார்.