வேலிப் பார்வையாளரின் பேராதரவு

பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு என் பெயரைக் கத்தினாயே, உன்னைத்தான் சொல்கிறேன். என் பிழைப்பில் மண் விழுந்தது உன்னால்தான். நீ யாரென்று எனக்குத் தெரியாது. குரலை வைத்துப் பிடித்துவிடலாம் என்று பார்த்தால், வாய் நிறைய பீன்ஸை வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறாய்.

மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். போன மார்ச்சில் எங்கள் வெஸ்ட் ஆர்டன் ஊர்க்கூட்டம். நியூ ஹாம்ப்ஷயரில் வருஷத்துக்கு ஒருநாள் ஊரே மண்டபத்தில் கூடி, பன்றிக்கறியும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டு, ரோடு, பள்ளிக்கூடம், தீயணைப்பு வண்டி எல்லாவற்றையும் கைதூக்கி முடிவு செய்துவிடுவோம். குவாரி ரோட்டுச் சின்னப் பாலம் ஆட்டம் கண்டுவிட்டது, அடுத்த பெரிய மழைக்கு நிற்காது என்று நான் எழுந்து சொன்னேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரே கடை என்னுடையது. பழைய பிக்கப் லாரியும் பனி தள்ளும் வண்டியும் வாங்கி விற்கிறேன். பதினாறு வயதில் ஒரு உடைந்த வண்டியை வாங்கி, இரண்டு உடைந்த வண்டிகளாக விற்று மேலே வந்தவன் நான். ஆகையால் கொஞ்சம் உரக்கத்தான் பேசினேன். நாற்பது நிமிஷம் பேசினேன்.

அப்போதுதான் நீ கத்தினாய்.

"ஓரின் டிபெட்ஸை வேலிப் பார்வையாளரா போடுங்கப்பா! எங்கயாவது போய் எதையாவது பாத்துக்கிட்டு கெடக்கட்டும்!"

மண்டபமே சிரித்தது. எல்லாரும் கைதூக்கினார்கள். என் மனைவியும் தூக்கினாள்.

வேலிப் பார்வையாளர் என்பது மாண்புமிக்க பதவி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் மாடு இன்னொருவன் சோளத்தை மேய்ந்தால், மூன்று பேர் போய் வேலியைப் பார்த்து, "ஆமாம், வேலி சாய்ந்திருக்கிறது" என்று சொல்வார்கள். மாடுகள் போய்விட்டன. பதவி போகவில்லை. சம்பளம் கிடையாது, வேலை கிடையாது, உட்கார நாற்காலிகூடக் கிடையாது. மற்ற இருவரில் ஒருத்தி லோரெய்ன் பெல்க்கி. சாப்பாட்டுக் கடை வைத்து, பழம் வைத்த மாவுப் பண்டமான 'பை' சுடுகிறவள். தேர்தலின்போது அடுப்படியில் இருந்ததால் மறுக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். இன்னொருவன் வெண்டல் ஹாஸ்கின்ஸ். ஊரில் வேலி தாண்டுவது அவன் ஆடுகள் மட்டும்தான் என்பதால் அவனையே போட்டார்கள்.

இப்படியே விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அது ஜனாதிபதி தேர்தலுக்கு முந்தின வருஷம். கட்சி வேட்பாளர் யார் என்று நாட்டிலேயே முதலில் வாக்குப் போட்டுச் சொல்கிற உரிமை எங்கள் மாநிலத்துக்கு. அந்த வருஷத்தில் எங்களோடு கைகுலுக்காமல் போனவர்கள் குறைவு.

செப்டம்பரில் ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். பெயர் ஹேலி வாண்டர்மியர். முன்னாள் கவர்னரின் பிரசாரத்தில் "ஆதரவு திரட்டும் இயக்குநர்". புதுப் பூட்ஸ், அடியில் விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"மிஸ்டர் டிபெட்ஸ், நீங்க மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிதானே?"

"பீன்ஸ் சாப்பிட்டுட்டு கை தூக்கினாங்கம்மா."

"எதிர்ப்பு இருந்ததா?"

"என் பொண்டாட்டிகூட எதிர்க்கல."

"ஒருமனதா!" என்று எழுதிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "செனட்டருக்கு இருநூத்திப் பன்னெண்டு பிரதிநிதிங்க ஆதரவு குடுத்துட்டாங்க. எங்களுக்கு இருநூத்திப் பதினொண்ணு."

ஒருவனுக்கு ஒரே ஒரு சாமான் குறைகிறது என்று தெரிந்தால் எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிடும். கவர்னர் நேரில் வர வேண்டும், படத்தில் என் கடைப் பலகை தெரிய வேண்டும், பாலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். மூன்றுக்கும் ஒப்புக்கொண்டாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கவர்னர் வந்தார். கட்டம்போட்ட புதுச்சட்டை, பெட்டியில் மடித்த மடிப்போடு. பனி வண்டியில் ஏறி ஹாரன் அடித்தார்.

"பாலங்கள்தான் மனிதர்களை இணைக்கின்றன" என்றார்.

"ஆமாங்க. இது என் கடையை ரோட்டோட இணைக்குது. அடியில ஓடைத் தண்ணி போற இரும்புக் குழாய் துருப்பிடிச்சுப் போச்சு."

"துருவை நான் ஒருபோதும் சகித்துக்கொண்டதில்லை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் அறிக்கை வந்தது: "எல்லைப் பாதுகாப்பில் பழுத்த அனுபவம் உள்ள மூத்த அதிகாரி ஓரின் டிபெட்ஸ் அவர்களின் பேராதரவு!" எனக்குப் பதவி வந்து ஆறு மாதம். சத்தியமாக, அதுவரை நான் ஒரு வேலியையும் பார்க்கவில்லை. டி.வி.காரர்கள் போன் செய்து நாட்டின் தெற்கு எல்லையைப் பற்றி என் கருத்தைக் கேட்டார்கள். "வெண்டலோட ஆடு கிழக்கால தோட்டத்துக்குள்ள போகாம இருந்தாச் சரி" என்றேன். திரையில் என் முகத்துக்குக் கீழே "கடுமையான நிலைப்பாடு" என்று போட்டார்கள். மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் படம் நன்றாக வந்திருந்தது.

செனட்டர் சும்மா இருப்பாரா? அடுத்த வாரமே லோரெய்ன் கடையில் மூன்று துண்டு புளூபெர்ரி பை சாப்பிட்டு அவள் ஆதரவைப் பெற்றார். மெத்தை விற்றுக் கோடீஸ்வரரான மூன்றாவது வேட்பாளர் வெண்டலின் ஆட்டைத் தூக்கி நின்றார். அது அவர் டையில் பாதியைத் தின்றுவிட்டது. வெண்டலின் ஆதரவு கிடைத்துவிட்டது. "வேலித் துறை மூன்றாகப் பிளந்தது" என்று வட்டாரப் பத்திரிகை எழுதியது.

அக்டோபர் மழையில் பாலம் பாதி இடிந்து ஓடையில் விழுந்தது.

ஊர்க்காரர்கள் ரோட்டை மறித்து மரவேலி போட்டார்கள். புதுக் குழாய் லாரியில் தயாராக இருந்தது. வேலையாட்களும் தயார். இரண்டு வாரத்து வேலை. நான் ஊர் அலுவலகத்துக்குப் போய், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். எழுத்தர் மார்சியா துலாக் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தாள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினோராம் வருஷத்து ஊர்விதி. "ஊர்ப்பாதையில் எழுப்பப்பட்ட வேலி எதுவாயினும், வேலிப் பார்வையாளர் மூவரும் ஒரே தாளில் ஒப்பமிட்ட சான்றின்றி அகற்றப்படலாகாது."

"மார்சியா, இது மாட்டுக்கு எழுதினது."

"மாடுன்னு எங்கயும் எழுதலையே."

"விதியை மாத்து."

"மாத்தலாமே. மார்ச்ல ஊர்க்கூட்டம். கை தூக்குங்க."

பனி வண்டி விற்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான். மார்ச்சில் பனி வண்டி வாங்குகிறவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். பாலம் இல்லாவிட்டால் என் கடைக்கு வர மண்ரோட்டில் பதினோரு மைல் சுற்ற வேண்டும். பழைய வண்டி வாங்க எவன் சுற்றுவான்? சரி, மூன்று கையெழுத்துதானே என்று லோரெய்ன் கடைக்கு ஓடினேன்.

"போட்டுரலாம்தான் ஓரின்" என்றாள் மாவைத் தட்டிக்கொண்டே. "ஆனா உன் பேரும் என் பேரும் ஒரே தாள்ல வந்தா, கவர்னர் ஆளுகூட நான் சேந்துக்கிட்டேன்னு ஆகாதா? செனட்டர் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

"இது பாலம், லோரெய்ன்!"

"நேத்து வரைக்கும் நானும் வெறும் பைதான் சுட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு நான் 'நியூ இங்கிலாந்தின் மனசாட்சி'. அறிக்கையில போட்டிருக்கு."

வெண்டல் இன்னும் மோசம். "தாள்ல யார் பேரு மேல?" என்றான்.

"எதுவா இருந்தா என்னடா?"

"அப்ப என்னுது மேல."

நான் சரியென்று சொல்லியிருப்பேன். தலைமையகத்தைக் கேட்காமல் போடக் கூடாது என்று ஹேலி தடுத்துவிட்டாள். மெத்தைக்காரர் ஆளின் பெயருக்குக் கீழே என் பெயர் வந்தால் "கவர்னர் இரண்டாமிடத்துக்குச் சரிந்தார்" என்று செய்தி வருமாம். யோசித்துப் பார்த்தேன். நான் ஏன் வெண்டலுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்? ஆட்டுக்காரன்!

அதற்குள் அந்த வேலிக்குப் புகழ் வந்துவிட்டது. கவர்னர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, "இதை உடைப்பேன்" என்றார். செனட்டர் வந்து சாய்ந்துகொண்டு, "இதைக் கூடிப் பேசித் திறப்பேன்" என்றார். மெத்தைக்காரர், "என்னிடம் விட்டிருந்தால் இன்னும் நல்ல வேலி கட்டியிருப்பேன்" என்றார். படத்தில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று மூன்று தரப்பும் பங்குபோட்டு வேலிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். புதுக் குழாய் ஏற்றிய லாரியைப் படத்தை மறைக்கிறது என்று தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். நவம்பர் முழுக்க நான் ஒரு வண்டிகூட விற்கவில்லை. ஆனால் பதினான்கு பேட்டி கொடுத்தேன்.

டிசம்பரில் கவர்னர் போட்டியிலிருந்து விலகி, செனட்டருக்கு ஆதரவு தெரிவித்தார். எனக்குப் போன் வந்தது. ஹேலிதான்.

"வாழ்த்துக்கள் மிஸ்டர் டிபெட்ஸ்! இனிமே நீங்க செனட்டர் ஆதரவாளர்."

"யாரைக் கேட்டு? நான் என்ன பழைய வண்டியா, பேர் மாத்திக் குடுக்க?"

"உங்க பேரோட முழுப் பட்டியலையும் குடுத்துட்டோம். நானும் அங்கதான் இருக்கேன். அதே பூட்ஸ்."

ஒரு விதத்தில் நல்லதுதான், லோரெய்னும் நானும் ஒரே கட்சிக்குள் ஒரே பக்கம் என்று அவள் கடைக்குப் போனேன். அவள் எனக்குக் காபிகூட ஊற்றவில்லை.

"நான் செப்டம்பர்லயே வந்தவ. நீ ஆறின பிறகு வந்தவன். எனக்கு அப்புறம் போடு."

"நீ முதல்ல போடு, நான் அப்புறம் போடறேன். அதானே?"

"வெண்டல் போடாம நான் எப்படி முதல்ல போடறது? எதிர்த்தரப்பு தயங்கறப்போ நாம அவசரப்படக் கூடாதுன்னு அறிவுரை."

ஜனவரியில் வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்னால் செனட்டரும் விலகி மெத்தைக்காரருக்கு ஆதரவு தெரிவித்தார். லோரெய்ன், வெண்டல், நான் மூவரும் ஒரே பக்கம். பிளவுபட்ட வேலித் துறை ஒன்றுபட்டுவிட்டது. மெத்தைக்காரரிடம் இப்போது அறுநூற்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளின் பேராதரவு. வாக்குப்பதிவில் அவர் மூன்றாவதாக வந்தார். ஜெயித்தவர் எங்கள் மாநிலத்துக்கு ஒருநாளும் வராதவர். ஒரு ஆதரவுக் கடிதமும் வாங்காதவர். அவரை யாருக்கும் பழக்கமில்லாததால் பிடித்திருந்ததாம்.

மறுநாள் காலை ஹேலியும் காமிராக்காரர்களும் அடுத்த மாநிலத்து வாக்குப்பதிவுக்குத் தெற்கே போய்விட்டார்கள். போன் அடிப்பது நின்றது. இனி எங்கள் கையெழுத்து யாருக்கும் வேண்டாம், பாலத்தைத் தவிர. மார்சியா மூவரையும் கூப்பிட்டு மேஜையில் தாளையும் பேனாவையும் வைத்தாள்.

"போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

லோரெய்ன் பேனாவைப் பார்த்தாள். "முறையா யாரும் என்கிட்ட கேக்கலையே. ஓரின் என் கடைக்கு வரட்டும். பை சாப்பிடட்டும். என் குறைகளைக் காது குடுத்துக் கேக்கட்டும்."

வெண்டல், "என் ஆட்டைத் தூக்கி ஒரு படம்" என்றான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கடைதான். என் பிழைப்புதான். பேனாவை எடுத்தால் முடிந்தது.

"என் பேரு மேல வந்தா யோசிக்கறேன்" என்றேன்.

மார்சியா தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

இப்போது மறுபடி மார்ச் வருகிறது. வேலிப் பார்வையாளர் பதவிக்கு இந்தத் தடவை பத்தொன்பது பேர் நிற்கிறார்கள். ஊரில் மொத்தம் நானூறு பேர். சிரித்துக் கைதூக்கின அதே ஆட்கள்தான். பலகை அச்சடித்துவிட்டார்கள், கட்ட நல்ல இடம் அந்த வெள்ளை வேலிதான் என்று அதிலேயே கட்டியிருக்கிறார்கள். விதியை மாற்றக் கை தூக்குவீர்களா என்று பத்தொன்பது பேரையும் கேட்டேன். மாற்றினால் பதவிக்கு என்ன மரியாதை என்று பத்தொன்பது பேரும் கேட்டார்கள். பிறகு, என் ஆதரவு யாருக்கு என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவரும் பதினோரு மைல் சுற்றி வந்து, பனி வண்டியில் ஏறி ஹாரன் அடித்து, பாலத்தைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் வண்டி வாங்கவில்லை. என் மனைவியும் நிற்கிறாள். அவளுக்கும் யோசித்துச் சொல்வதாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே பின்வரிசைக்காரனே, இதை ஆரம்பித்தவன் நீ, நீயே முடித்து வை. இந்த மார்ச்சில் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு எழுந்து நில். உன் பெயரைச் சொல். என் பதவியை எடுத்துக்கொள். லோரெய்ன் பையைத் தின்னு, வெண்டல் ஆட்டைத் தூக்கு, எவன் பெயருக்குக் கீழே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டு அந்த வேலியை எடுத்துத் தொலை. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் நிற்பதற்கு முன்னால் என் ஆதரவை நேரில் வந்து கேள். கடை எட்டு மணிக்குத் திறக்கும். சுற்றித்தான் வர வேண்டும்.