பேத்தியைத் திருப்பி அனுப்பும்படி, தண்ணீர் சம்பந்தமான விண்ணப்பம்

ரூர் ஆற்றங்கரை,
ஆகஸ்ட் 2006

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி குமாரசாமி அண்ணை அவர்கட்கு,

விமலநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பிள்ளையார் துணையில் நானும் கமலநாயகியும் மூட்டுவலி தவிர்ந்த மற்றெல்லாச் சுகத்துடனும் இருக்கிறோம். டுசல்டோர்ஃபில் தாங்களும், தங்கள் மகள் சுலோஜனாவும், முக்கியமாக எங்கள் கைக்குழந்தைப் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஏதோ ஃபுளோரின் இரசாயனம் கலந்துவிட்டதென்றும், குழந்தைகளுக்குப் போத்தல் தண்ணீரில்தான் பால்மா கரைக்க வேண்டுமென்றும் நகரசபை அறிவித்தது தாங்கள் அறிந்ததே. கொதிக்க வைத்தால் சாகாத கிருமி உண்டோ என்று நான் ஒரு பெரிய சட்டியை அடுப்பிலேற்றி, கசாயம் காய்ச்சுவதுபோல் எட்டிலொன்றாய் வற்றவைத்து, பால்மாவும் கையுமாய் நின்ற சுலோஜனாவிடம் நீட்டினேன். அந்த நேரம் பார்த்து மகன் ஐங்கரன் வேலையால் வீடு வந்துவிட்டான். "அப்பா, இது கிருமியில்லை! கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் ஆவியாய்ப் போகும், இரசாயனம் சட்டிக்குள்ளேயே நிக்கும். நஞ்சை வத்தக் காய்ச்சியெல்லோ வைச்சிருக்கிறியள்!" என்று கத்தினான். நல்லகாலம், பிள்ளையின் வாயில் ஒரு சொட்டும் படவில்லை. அடுத்தநாளே சுலோஜனா பிள்ளையோடு உங்களிடம் வந்திட்டா.

தண்ணீர் நிலையத்தில் கரி போட்டு வடிகட்டப் போகினம் எண்டு கேள்விப்பட்டு நானும் சும்மா இருக்கேல்லை. இறைச்சி வாட்டுற கரி ஒரு பை வாங்கி, இடிச்சு, என்ர வேட்டியில் கட்டித் தண்ணியை ஊத்தினன். அது கெதியாய் நெருப்புப் பத்துறதுக்கு எண்ணெய் பூசின கரி எண்டு ஆர் கண்டது? தேத்தண்ணியில் மண்ணெண்ணெய் மணம், வேட்டி கறுப்பு, கமலநாயகி என்னோடை கதையில்லை.

இப்ப நிலையத்தில் முறையான கரி வடிகட்டி பூட்டி, சோதிச்சு, குழந்தைகளுக்கும் குடுக்கலாமெண்டு சொல்லிட்டினம். வீடு வெறிச்செண்டு கிடக்குது அண்ணை. அந்தத் தொட்டிலைப் பாக்க ஏலாமல் இருக்கு. ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமையே தாயையும் பிள்ளையையும் ரயிலேத்தி விடுங்கோ.

சம்பந்தி அக்காவுக்கு எங்கள் அன்பு. பேத்தி சகல செல்வமும் பெற்று நீடூழி வாழ ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
விமலநாதன்

பி.கு.: உறையை ஒட்டமுன் கமலநாயகி இதை வாசிச்சிட்டு, "போத்தல் தண்ணி பெட்டி பெட்டியாய் வீட்டிலை கிடந்ததெல்லோ? சுலோஜனா தண்ணிக்குப் பயந்தோ போனவள்? பால் கரைக்கிறதிலையிருந்து குழந்தையின்ரை நப்பித்துணி மாத்துறது வரைக்கும் பக்கத்திலை நிண்டு புத்தி சொன்னியளே, அது தாங்காமல் போனவள். அதுக்கு என்ன வடிகட்டி பூட்டப்போறியள்?" எண்டு கேட்டா. யோசிச்சுப் பாத்தன், சரிபோலத்தான் கிடக்கு. சுலோஜனாவிட்டைச் சொல்லுங்கோ, இனி நான் வாயே திறக்கமாட்டன். ஆனால் ரயிலிலை யன்னல் கரையிலை இருக்க வேண்டாம், காத்துப் பட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், தொப்பி கட்டாயம், பால் குடுத்தவுடனை படுக்க வைக்கவும் கூடாது.