ஏழாம் வாய்ப்பாடும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து பேசினால் என் மனைவி மசுயோ அதைப் பேச்சு என்றே எடுத்துக்கொள்வதில்லை. எழுந்து நின்றால் குறைந்தபட்சம் நிமிர்ந்து பார்ப்பாள்.

"இன்னையிலேர்ந்து சிஹோவோட படிப்பு என் பொறுப்பு!" என்றேன்.

சிஹோ எங்கள் ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. தட்டிலிருந்த கேரட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மசுயோ செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஒரு பொருளின் மேல் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டும். எண்ணிப் பழகும் குச்சிகள் நூறு இருந்தால் நூறிலும் ஒட்ட வேண்டும். அதனால் மசுயோ கையில் பெயர்ச் சீட்டு இல்லாத நேரம் குறைவு.

"அது என்ன?"

"குடை" என்றாள். "நீங்க சொல்லுங்க. என்னமோ பொறுப்புன்னீங்களே."

காரணம் இல்லாமல் நான் எழுந்து நிற்கவில்லை. நான்கு நாளாக எங்கள் வீட்டில் ஒரே பெருமூச்சு. "வீட்டுப்பாடம்னு வந்தா எனக்கு உசிரே போகுது" என்று ஒரு பெருமூச்சு. "ஏழாம் வாய்ப்பாடு மட்டும் இவளுக்கு ஏறவே மாட்டேங்குது" என்று இன்னொன்று. சாயங்காலம் தாயும் மகளும் மேஜையில் உட்கார்ந்தால் எட்டு மணி வரை இழுக்கிறது. எனக்குத் தாங்கவில்லை. நான் ட்ராம் ஓட்டுகிறவன். பத்தொன்பது வருஷமாக நாகசாகித் தெருக்களில் ஓட்டுகிறேன். அரை நிமிஷம் தாமதம் என்றாலே எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் வீட்டில் வீட்டுப்பாடம் தினம் ஒன்றரை மணி நேரம் தாமதமாக ஓடுவதா?

"உங்களால முடியாதுங்க" என்றாள் மசுயோ.

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எப்போதும் விழுந்துவிடுவேன். அவளுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே விழுவேன்.

"ரெண்டே வாரம்! நீ வாயத் திறக்கக் கூடாது. அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி டீச்சர் முன்னாடி ஏழாம் வாய்ப்பாடு கடகடன்னு ஒப்பிப்பா. வாய்ப்பாட்டு அட்டையில டீச்சர் முத்திரை விழும். பாக்குறியா?"

"விழலைன்னா?"

"ஆறாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் வீட்டுப்பாடம் என் தலையில."

"விழுந்தா?"

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். என் உயிர் இருப்பது துறைமுகத்து அலைதடுப்புச் சுவரில். அங்கே ஒரு மடக்கு நாற்காலி, ஒரு தூண்டில், ஒரு குடுவை தேநீர். இலையுதிர் காலத்தில் சின்னப் பாரை மீன் கொழுத்துக் கிடக்கும். ஆனால் நான் போவது மீனுக்காக மட்டும் இல்லை. மீன் பேசாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் பேச மாட்டார். வாரம் முழுக்க முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் பேசிக்கொண்டே வரும் ஒரு மனிதனுக்கு அதுதான் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்துக்கு நான் போயே மூன்று மாதம் ஆகிறது. ஞாயிறு என்றால் கடைக்கு, மாமியார் வீட்டுக்கு, துணி காயவைக்க.

"புத்தாண்டு வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு. மீன் பிடிக்கப் போவேன்."

"எடுத்துக்கோங்க" என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவள் எதையும் கொடுத்ததில்லை. வாக்கு மாறிவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது. உடனே ஒரு தாள் எடுத்து எழுதினேன். 'புத்தாண்டு வரை எல்லா ஞாயிறும் காலை ஆறு மணி முதல் மதியம் வரை அலைதடுப்புச் சுவரில் மீன்பிடித்தல். மழை பெய்தாலும், விருந்தாளி வந்தாலும், ஒரு ஞாயிறு கூடத் தவறாது.' அந்த 'ஒரு ஞாயிறு கூடத் தவறாது' என்பதை அழுத்தி, அடிக்கோடு போட்டு எழுதினேன். எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரைதான்; என் முத்திரையைக் குத்தினேன். அவளும் தன் முத்திரையைக் குத்தினாள். சிஹோ கேரட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் முத்திரை வேணும்."

"நீ சின்னப் பொண்ணு."

"குத்தட்டுமே, என்ன இப்போ?" என்றாள் மசுயோ. கட்டை விரலில் மை தடவி சிஹோவும் ஒரு முத்திரை வைத்தாள். சாட்சி இருந்தால் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாளே என் ஆட்சி தொடங்கியது. குளிர்பெட்டிக் கதவில் கால அட்டவணை ஒட்டினேன். 17:20 நொறுக்குத் தீனி. 17:30 உரக்கப் படித்தல். 17:50 எழுத்துப் பயிற்சி. 18:15 பை அடுக்குதல். 18:30 வாய்ப்பாடு. வேலையிலிருந்து வந்த பிறகும், ட்ராம் ஓட்டும்போது போடும் வெள்ளைக் கையுறையைக் கழற்றவில்லை.

எங்கள் வண்டியில் ஒரு முறை உண்டு. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டிக் காட்டி வாய் விட்டுச் சொல்ல வேண்டும். சிக்னலைக் காட்டி 'சிக்னல் சரி!' கதவைக் காட்டி 'கதவு சரி!' விரலும் வாயும் சேர்ந்தால் தப்பு வராது. இதைப் படிப்புக்குக் கொண்டுவந்தால் நாடே முன்னேறிவிடும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஓர் எண்ணம்.

"பைய அடுக்கு. காட்டு. சொல்லு!"

"அழிப்பான் சரி! ஸ்கேல் சரி! வாய் துடைக்கிற துணி சரி!" சிஹோ விரலை நீட்டிக் கத்தினாள். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கழிவறைக்குப் போய் அங்கேயும் "கதவு சரி! காகிதம் சரி!" என்று கத்தினாள்.

பக்கத்து வீட்டு ஹமாசாக்கி அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "மசுயோ, உங்க வீட்டுல தண்டவாளம் எதாவது போடுறாங்களா?"

"அப்பா பாடம் சொல்லித் தர்றார்" என்றாள் மசுயோ. ஹமாசாக்கி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஆறரை மணி வரை. பிறகு பென்சிலைக் காணோம். பென்சில் கிடைத்ததும் தாகம். தாகம் தீர்ந்ததும் ஆரஞ்சு. ஏழு மணிக்கு சிஹோ எழுந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் கட்டி, ட்ராம் அறிவிப்புக் குரலில் சொன்னாள்: "பயணிகளுக்கு ஓர் அறிவிப்பு. வாய்ப்பாடு முப்பது நிமிடம் தாமதம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

மசுயோ அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

குளிக்கும் நேரம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் அப்பாவும் சின்னப் பிள்ளையும் ஒரே தொட்டியில் உட்கார்வது வழக்கம். அங்கேதான் எனக்குப் பளிச்சென்று யோசனை உதித்தது. குளியலறைச் சுவரில், தண்ணீர் பட்டாலும் கிழியாத வாய்ப்பாட்டுத் தாள் ஒன்று மாதக்கணக்கில் ஒட்டிக்கிடக்கிறது. தொட்டியில் கழுத்தளவு சுடுதண்ணீர். தப்பி ஓட வழியில்லை. தாளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். 'யாரும்' என்பதில் நானும் அடக்கம் என்பது பிறகுதான் புரிந்தது.

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு..." ஐயேழு முப்பத்தஞ்சு வரை வண்டி ஜோராக வந்தது. அங்கே நின்றுவிட்டது.

"ஆறேழு?"

"..."

"ஆறேழு, கண்ணு?"

"மறந்துபோச்சுப்பா. ஒரு கதை சொன்னா ஞாபகம் வரும்."

சொன்னேன். மீன் சந்தையிலிருந்து முழு சூரை மீனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஏறி, 'குழந்தைக்கு டிக்கெட் கிடையாதே' என்று கேட்ட கிழவரின் கதை. சிஹோ தண்ணீர் தெறிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்து, "நாப்பத்திரெண்டு!" என்றாள். அட! வேலை செய்கிறதே!

"ஏழேழு?"

"இன்னொரு கதை."

இப்படி ஒரு வரிக்கு ஒரு கதை. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது நான் வெந்த இறால் மாதிரி இருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மசுயோ விசிறியையும் பார்லி டீயையும் நீட்டினாள். என்னைத் தொட்டியில் விட்டுவிட்டு, அந்த முக்கால் மணி நேரமும் அவள் காலை நீட்டி டிவி பார்த்திருக்கிறாள்.

தினமும் இதே கதைதான். மன்னிக்கவும், தினமும் வேறு வேறு கதை. பத்தொன்பது வருஷத்து வண்டிக் கதைகள் கரைந்துகொண்டே வந்தன. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், மசுயோவிடம் சொல்லாதீர்கள். அந்தக் குளியல் நேரத்துக்காக நான் மத்தியானத்திலிருந்தே காத்திருக்கத் தொடங்கினேன். வண்டியில் யாராவது வேடிக்கையாக ஏதாவது செய்தால், 'இது ஒன்பதேழுக்கு ஆகும்' என்று மனசில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

எட்டாவது நாள் சூடு தலைக்கேறி நானே தடுமாறிவிட்டேன். "எட்டேழு அம்பத்திநாலு" என்றேன்.

சிஹோ விரலை நீட்டினாள். "அப்பா, தப்பு! அம்பத்தாறு! ஒன்பதேழு அறுபத்திமூணு!" கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது.

என் முறை வென்றுவிட்டது! எனக்கு ஒரே பூரிப்பு. ஆனால் அடுத்த நிமிஷம் "ஆறேழு?" என்று கேட்டதும் மறுபடியும் முழித்தாள். பூரிப்பில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, வண்டி நிறைய ஆட்கள். சிக்னல் விழுந்தது. நான் கம்பீரமாக விரலை நீட்டி, ஒலிபெருக்கியில், "எட்டேழு அம்பத்தாறு!" என்றேன். வண்டியில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. பிறகு கடைசி இருக்கையிலிருந்து ஒரு பெரியவர் விரலை நீட்டி "சரி!" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சிஹோ ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலால் குதித்துக்கொண்டே வீடு வந்தாள். அட்டையில் டீச்சரின் சிவப்பு முத்திரை. பக்கத்தில், 'மிக நன்று' என்பதற்கு டீச்சர் சுருள் சுருளாக வரையும் பெரிய பூ. நான் அட்டையை மசுயோ மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"என்ன சொல்றே இப்போ?"

"தோத்துட்டேன்" என்றாள் மசுயோ, தலையைத் தாழ்த்தி. "நீங்க கெட்டிக்காரர்தான்."

பதினொரு வருஷக் குடித்தனத்தில் இந்தச் சொல்லை முதல்முறை கேட்கிறேன். அன்றைக்கு இரண்டு கிண்ணம் சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தூண்டில், நாற்காலி, குடுவை எல்லாம் வாசலில் தயார். செருப்பை மாட்டிக் கதவைத் திறந்தேன். வெளியே சிஹோ நின்றிருந்தாள். மஞ்சள் தொப்பி. முதுகில் பை. கையில் சின்ன வாளி. இன்னொரு கையில் செய்தித்தாள் பிரித்த அந்தக் 'குடை'. அது ஒரு சின்னத் தூண்டில். பிடியில் அழகாகப் பெயர்ச் சீட்டு: 'சிஹோ, இரண்டாம் வகுப்பு'.

"எங்க கிளம்பிட்டே?"

"மீன் பிடிக்க! டீச்சர் முத்திரை வாங்கினா அப்பாகூட எல்லா ஞாயிறும் போலாம்னு அம்மா சொன்னாங்களே. தாள்ல நானும் முத்திரை வச்சேனே!"

எனக்கு லேசாகத் தலை சுற்றியது. சுடுதண்ணீர் இல்லாமலே. "மசுயோ! இந்தத் தூண்டில நீ எப்போ வாங்கினே? நான் எழுந்து நின்னப்பவே இது இருந்துதே!"

"நீங்க எழுந்து நிப்பீங்கன்னு தெரியுமே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு பெருமூச்சுல எழுந்திருப்பீங்கன்னு நெனச்சேன். நாலு நாள் ஆச்சு. வயசாகுது உங்களுக்கு."

"சிஹோ, உண்மையச் சொல்லு. ஏழாம் வாய்ப்பாடு உனக்கு எப்போ வந்துது?"

"போன மாசமே வந்துடுச்சே. அம்மா சொல்லிக்குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் குளியல்ல ஆறேழுல நின்னே?"

சிஹோ என்னைப் பாவமாகப் பார்த்தாள், பென்சிலைத் தொலைத்த பிள்ளையைப் பார்ப்பது போல. "சொல்லி முடிச்சா நீ எழுந்து போயிடுவியேப்பா."

அவள் தொப்பி நேராகத்தான் இருந்தது, ஆனாலும் குனிந்து அதைச் சரிசெய்தேன். காற்றில் கோணிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் மசுயோ வெளியே வந்தாள். நல்ல மேல்சட்டை. தோளில் குளியல் துண்டு வைத்த பை. சுவருக்கு அந்தப் பக்கம் ஹமாசாக்கி அம்மாளும் அதே மாதிரி ஒரு பையோடு தயார். இருவரும் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குக் கிளம்புகிறார்களாம்.

"மதியம் வரைக்குமா?" என்றேன்.

"புத்தாண்டு வரைக்கும்" என்றாள் மசுயோ. "மழை பெஞ்சாலும், விருந்தாளி வந்தாலும். நீங்களே அடிக்கோடு போட்டிருக்கீங்க. எட்டாம் வாய்ப்பாட்டை அங்கேயே முடிச்சிடுங்க, என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் சிஹோ வாசலில் நிமிர்ந்து நின்று விரலை நீட்டினாள்.

"தூண்டில் சரி! வாளி சரி! புழு டப்பா சரி!" பிறகு அந்த விரல் மெல்லத் திரும்பி என் மூக்குக்கு நேராக நின்றது. "அப்பா, சரி! வண்டி புறப்படலாம்!"