ஸ்டேன்பை அண்ணன் தட்டு மாற்றிய நாள்

சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் தேடினாலும், ஸ்டேன்பை அண்ணனைப் போல் எதையும் நம்பாத ஒரு மனிதர் அகப்பட மாட்டார். கடவுளை நம்பினார், ஆனால் அதற்கும் இரண்டு கோயில்களில் உறுப்பினராக இருந்தார்.

அவரிடம் எல்லாம் இரண்டிரண்டு: ஒன்று ஓடும், மற்றது ஸ்டேன்பையாக, அதாவது மாற்றாகக் காத்திருக்கும். இரண்டு கண்ணாடி, இரண்டு கைப்பேசி, இரண்டு மோட்டார் சைக்கிள். இதில் வியப்பில்லை, வசதியுள்ள பலரும் வைத்திருக்கிறார்கள். அண்ணன் மற்றவர்களைத் தாண்டிச் சென்றது அடுத்த படியில். மாற்றுப் பொருள் இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முதல் பொருளை நிறுத்த வேண்டும். ஆகவே மாதத்தில் ஒரு நாள், நன்றாக ஓடும் மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பூட்டிவிட்டு, ஓடாத மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அலுவலகம் வருவார். சட்டை முழுக்க வியர்வை; முகத்தில் அப்படியொரு நிறைவு.

“ஓடலயாண்ணே?”

“ஓடல. இன்னிக்கே தெரிஞ்சுச்சு பாத்தியா. நல்லதாப் போச்சுலா.”

அலுவலகம் புஞ்சாக் ஆலாமில், ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்தது. தொழிற்சாலைப் பேருந்துகளுக்கு அன்றாடப் பயணிகள் பட்டியலை வழங்குவது எங்கள் தொழில். எந்த வண்டி, எந்த நிறுத்தம், எந்த அக்காவுக்கு எந்த ஷிப்டு என்பதெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. அந்தத் தரவுத்தளம் கிளவுட்டில் இருந்தது. அதாவது, யாரோ ஒரு பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. அதன் நகலொன்றை அண்ணன் வேறொரு கட்டடத்தில் குடிவைத்திருந்தார். முதலாவது விழுந்தால் நகல் எழுந்து வேலையை ஏற்க வேண்டும். விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் அவருக்கில்லை. தாமே தள்ளிவிடுவார்.

“நல்லா ஓடுறத ஏன்டா நிறுத்துற?” என்று முதலாளி தலையில் கைவைப்பார்.

“நல்லா ஓடுறப்ப நம்ம நிறுத்தினா மரியாத பாஸ். அதுவா நின்னுச்சுன்னா அவமானம்.”

வேகக் குறைவும் அவருக்குப் பொறுக்காது. தரவுத்தளம் ஒரு கேள்விக்குப் பதில் தேடத் தாமதித்தால், தகவலை வகைப்படுத்தி இண்டெக்ஸ் ஒன்று போட்டுப் பறக்கவிடுவார். இந்தக் கலையை ஆடி மாதத்தில் கோயில் வாசலிலும் காட்டினார். பூசை முடிவதற்குள், வெளியே கிடந்த செருப்புகள் அனைத்தையும் அளவு வாரியாக அடுக்கி வைத்தார். வெளியே வந்த ஒருவருக்கும் தம் செருப்பு அகப்படவில்லை. எல்லாரும் விட்ட இடத்தை நினைவில் வைத்திருந்தார்களே ஒழிய அளவையல்ல. கூட்டம் அண்ணனைச் சூழ்ந்தபோது அவர் சற்றும் கலங்காமல், “தப்பான காலத்துல இண்டெக்ஸ் போட்டுட்டேன்,” என்றார். அவர் சொன்னது அட்டவணையின் ‘காலம்’, அதாவது நெடுவரிசை. ஆடி மாதத்தில் எதையோ போடக் கூடாது போலும் என்று எண்ணிய கோயில் தலைவர், அவரை மன்னித்து அனுப்பினார்.

தமிழ் இலக்கிய மாணவியான எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். என் வீட்டாரும் கேட்டார்கள். விடுமுறையில் பயணிகளுக்கான குறுஞ்செய்திகளைத் தமிழில் எழுத என்னை அமர்த்தியிருந்தார்கள். முதல் செய்தியை மூன்று முறை செப்பனிட்டேன். தமிழெழுத்து ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதும், தரவுத்தளத்தில் அதற்கு ஒதுக்கிய கட்டம் சிறியது என்பதும் எனக்குத் தெரியாது. அதிகாலை ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்கள் அனைவருக்கும், “பேரன்பிற்குரிய பயணப் பெருமக்களே, வைகறைப் பொழுதின்” என்பது வரை போய்ச் சேர்ந்தது.

பேருந்து ஓட்டும் முனுசாமி அங்கிள்தான் முதலில் அழைத்தார். “பாப்பா, வைகறைப் பொழுதின் என்னாச்சு? பொம்பளைங்கல்லாம் பயப்படுறாங்க. யாராச்சும் தவறிட்டாங்களா?”

அன்றே அண்ணன் என் நாற்காலியருகே வந்து நின்றார். “தங்கச்சி, இனிமே நீ ரீட் ரெப்ளிக்கா. எல்லாத்தையும் வாசிக்கலாம். எதுலயும் எழுதக் கூடாது.” என் விரிவுரையாளர்கள் நாகரிகம் கருதிச் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள். சுங்கை ஆயர் தாவாரில் தாதியாக இருந்த கோகிலா அக்கா. இவருடைய இரட்டைப் பொருள்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரிப்பு கண்வரை வரவில்லை.

“பாரும்மா, பரிசம் போடுற அன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து ஒரு போன் வந்துச்சுன்னா, நான் தட்ட கீழ வச்சிட்டு எந்திரிச்சிருவேன். அப்புறம் இவரு டேட்டாபேஸையே கட்டிக்கட்டும்.”

அண்ணனின் முகம் வெளிறியது. மறுநாளே என்னைத் தம் ஸ்டேன்பையாக நியமித்தார். திரைக்கு முன்னால் அவர் செய்வதையெல்லாம் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். நான் புரிந்துகொள்வதற்குள் அவர் அடுத்ததற்குப் போயிருப்பார். “நகல் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். பரவால்ல,” என்பார் கருணையோடு. பரிசத்துக்கு முதல் நாள், எழுதும் உரிமையையும் என் பெயருக்கு மாற்றினார்.

“நாளைக்கு மட்டும் எழுதலாம். ஆனா எழுதாத.”

ஞாயிற்றுக்கிழமை. மிகைநேர வேலைக்கு யார் யார் வருகிறார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும். ஓட்டுநர்கள் டேப்லட்டை நம்பித்தான் வண்டியை எடுப்பார்கள். தாமதமாகப் போகும் பெண்களுக்கு அந்த மாத வருகைப்படி இல்லை. நான் காலையில் பசியாறிவிட்டு, தனியாக, பெருமிதத்தோடு அமர்ந்தேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கையில் எழுதும் உரிமை வேறு. என்னை அவமானப்படுத்திய அந்தச் செய்தியைச் சுருக்கித் திருத்திவிடலாம் என்று அதன் வரியைத் திறந்தேன். ‘காத்திருக்கவும்’ என்பது அதிகாரத் தொனியாகப் பட்டது. ‘பொறுத்தருள்க’ என்பது கோயில் வாசனை அடித்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் இருந்தே தீர வேண்டும். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து யோசித்தேன்.

கைப்பேசி அலறியது. முனுசாமி அங்கிள்.

“பாப்பா, சுங்கை புரோங்ல நிக்கிறேன். டேப்லட்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. யார ஏத்துறது, யார விடுறது?”

அடுத்த ஓட்டுநரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் சொன்னதை அச்சிட இயலாது. அண்ணன் கற்பித்த ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது, வரிசை மட்டும் வரவில்லை. அழைத்தால் கல்யாணம் நிற்கும். அழைக்காவிட்டால் வண்டிகள் நிற்கும். அண்ணனின் கைப்பேசியை அழைத்தேன். அணைத்து வைத்திருந்தார். கூசிக் குறுகி இரண்டாவது கைப்பேசிக்கு அழைத்தேன்.

“ஸ்டேன்பையா?” என்றது கோகிலா அக்காவின் குரல். நல்லெண்ணத்துக்கு அடையாளமாக அண்ணன் இரண்டையும் அவரிடமே ஒப்படைத்திருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

“அக்கா, மன்னியுங்கள். பேருந்துகள் இயங்கவில்லை. மகளிர் நடுவழியில் காத்திருக்கின்றனர்.” பதற்றத்தில் எனக்குச் செந்தமிழ்தான் வரும்.

“எங்கம்மாவும் ஒரு காலத்துல அந்த மாதிரி பஸ்ஸுலதான் வேலைக்குப் போனாங்க,” என்றார். பிறகு, “இந்தாங்க. பேசுங்க. எல்லாரும் கேக்குற மாதிரி பேசுங்க.”

“தங்கச்சி,” என்றார் அண்ணன். “தட்டு கையில இருக்கு. சீக்கிரம் சொல்லு. யாரு எதப் பூட்டி வச்சிருக்கான்னு ஒரு லிஸ்டு வரும். அதுல மொதல்ல யாரு?”

பட்டியலை வரவழைத்தேன். பேருந்து ஒவ்வொன்றும் புறப்படும்போது, பயணிகளுக்கான செய்தி இருக்கும் வரியில் குறிப்பெழுத வேண்டும். எழுதிய பிறகே பெயர்கள் திறக்கும். அந்த வரியை யாரோ பிடித்துக்கொண்டு விடாமல் இருந்ததால், எல்லா வண்டிகளும் அதன் பின்னால் காத்துக் கிடந்தன. பிடித்திருந்தவரின் பெயர் உச்சியில் இருந்தது.

“நான்,” என்றேன்.

“நீ என்ன எழுதுற?”

“இன்னும் எழுதலண்ணே. ஒரு சொல் யோசிச்சிட்டிருக்கேன்.”

“எப்பலேர்ந்து?”

“பசியாறினதுலேர்ந்து.”

மண்டபத்தில் யாரோ ஒரு பெரியவர், “இதுக்கா போன் பண்ணுச்சு அந்தப் புள்ள?” என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

“விட்டுரு தங்கச்சி,” என்றார் அண்ணன். “எந்த வார்த்தையா இருந்தாலும் விட்டுரு.”

விட்டேன். வட்டங்கள் நின்றன, பெயர்கள் வந்தன. வண்டிகள் கிளம்பியதை முனுசாமி அங்கிள் ஹார்ன் அடித்து அறிவித்தார்.

அழைப்பைத் துண்டிக்க விரல் போனபோது, கோகிலா அக்கா பேசத் தொடங்கினார். அதற்கு முன் அவர் தம் தட்டைக் கீழே வைத்த ஓசை கேட்டது.

“பஸ்ஸு போயிருச்சு. இப்ப எனக்குச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் ஒண்ணு கூட வச்சிருக்கீங்க. எனக்கு யார வச்சிருக்கீங்க?”

புஞ்சாக் ஆலாமில் நான் கைப்பேசியைக் காதோடு அழுத்தினேன்.

“ஒங்களுக்கு இல்ல,” என்றார் அண்ணன்.

“ஏன்?”

“ஸ்டேன்பை வச்சா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். பாக்கணும்னா, ஒங்கள ஒரு நாளாச்சும் நிறுத்தி வைக்கணும். அது என்னால முடியாதுங்க.”

கீழே வைத்த தட்டை அக்கா மறுபடி எடுத்த ஓசை கேட்டது. நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாகப் புறப்பட்டன. நான் இன்னும் மறுமுனையில் இருக்கிறேன் என்பதை அண்ணன் மறந்தே போயிருந்தார். எதையும் மறவாத அந்த மனிதர் ஒன்றை மறந்து நான் கண்டது அன்று மட்டும்தான். நினைவூட்ட மனம் வராமல், ஓசைப்படாமல் வைத்துவிட்டேன்.