தம்பி, உன் நாற்காலிகளை எடுத்துக்கொள்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தானும் இருக்கிற நிலைமைக்கு நலம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்பது கேட்காமலேயே தெரியும். அறக்கட்டளையில் உத்தியோகம், குளுகுளு அறை, சுழலும் நாற்காலி, பிறகென்ன குறை? நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது, இந்தக் கடிதமே நாற்காலி விஷயமாகத்தான். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

எங்கள் தெருக்கோடியில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியை மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிறோம் என்று சுகாதார அலுவலகத்தார் அறிவிப்பு ஒட்டியபோது உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். இரண்டே அறை, ஒரு நர்ஸம்மா, வந்தால் வருகிற டாக்டர், அவ்வளவுதான் அந்த ஆஸ்பத்திரி. ஆனால் உன் அத்தானின் காலுக்குக் கட்டு மாற்றுவது அங்கேதான். சர்க்கரைப் புண்ணில் ஏற்கெனவே ஒரு விரல் போயாயிற்று. மிச்சமிருப்பதையாவது அவரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் சின்ன ஆசை. இதை மூடினால் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் பஸ் படி ஏறுவதற்குள் பஸ்ஸே ஓய்வு பெற்றுவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் தேய்க்க வந்த ஊர்த்துணியையும் இஸ்திரிப் பெட்டியையும் ஓரங்கட்டிவிட்டு, ஆஸ்பத்திரி முற்றத்தில் கூடலாம் வாருங்கள் என்று தெருவைக் கூப்பிட்டேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பெஞ்சு, அதற்கும் ஒரு கால் ஆட்டம். 'அவங்கவங்க நாற்காலிய அவங்கவங்க தூக்கிட்டு வந்துருங்க' என்றேன். வந்தார்கள். மடக்கு நாற்காலி, பிரம்பு நாற்காலி, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா, இன்னும் என்னென்னவோ. சலூன்காரர் கடை நாற்காலியையே கழற்றித் தள்ளிக்கொண்டு வந்து, வாடிக்கையாளரை அதிலேயே உட்காரவைத்தார், அவர் பாதி முகம் நுரையோடு இருக்கக் கூட்டம் நடத்தினோம். வாரத்துக்கு வாரம் ஆள் கூடியது. ஏன் கூடியது என்று அப்போது எங்களுக்கே தெரியாது.

அப்போதுதான் நீ ஒரு நாள் வந்து பார்த்தாய். கண்ணெல்லாம் கலங்கி, "அக்கா, இதுதான் அக்கா அடித்தட்டு மக்கள் இயக்கம்" என்றாய். "இல்லப்பா, இது ஆஸ்பத்திரி முற்றம்" என்றேன் நான். அதோடு வாயை மூடியிருக்கலாம், மூடவில்லை. "நாற்காலி தூக்கித் தூக்கிக் கைதான் வலிக்குது" என்று சொல்லிவைத்தேன். கேட்டது நீதானே என்று இப்போது நீ மடக்குவாய். கேட்டேன்தான். தலைவலிக்கு மருந்து கேட்டால் தலையையா மாற்றுவார்கள்? முதுகில் உங்கள் அறக்கட்டளையின் முத்திரை போட்ட அறுபது நாற்காலி லாரியில் வந்தது, அதைப் பூட்டிவைக்கச் சங்கிலி வந்தது, சாவியை வைத்துக்கொள்ள ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் சம்பளத்துக்கு வந்தாள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன், தங்கமான பெண். ஆளுக்கொரு வண்ணச்சீட்டு கொடுத்து அவரவர் கனவை எழுதச் சொன்னாள். உன் அத்தான் 'கால்' என்று எழுதினார். அதை அவள் 'தொலைநோக்கு இலக்குகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒட்டினாள். ஐந்து வருஷத் திட்டம் என்று சுவர் முழுக்கப் படம் வரைந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட ஐந்து வாரம்கூட இல்லை என்றேன். அது படத்தில் 'இடர்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்றாள். போராட்டம் என்ற வார்த்தை உங்கள் விதிப்படி ஆகாதாம், உரையாடல் என்றுதான் சொல்ல வேண்டுமாம். சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப 'ஆஸ்பத்திரிய மூடாதே'ன்னு கத்தக் கூடாதாம்மா?"

"தாராளமா கத்தலாம் சார். ஆனா ஒரு பரிந்துரை மாதிரி கத்துங்க."

தம்பி, பரிந்துரை மாதிரி எப்படிக் கத்துவது என்று உன் அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்தால் வந்து கத்திக் காட்டச் சொல். நாங்கள் முயன்று பார்த்தோம், கொட்டாவி மாதிரி இருந்தது.

வரிசை வரிசையாக நாற்காலி நிறைந்தது, ஆள்தான் குறைந்துகொண்டே போனது. கடைசியில் நர்ஸம்மா, நான், உன் அத்தான், ஒருங்கிணைப்பாளர், தூங்க இடம் தேடிவந்த ஒரு நாய். கோபத்தோடு சலூனுக்குப் போய், ஏன்யா வரவில்லை என்று கேட்டேன். "அதான் சம்பளத்துக்கு ஆள் போட்டாச்சேக்கா, அவங்க பாத்துக்க மாட்டாங்களா?" என்றார். சைக்கிள் கடைக்காரரைக் கேட்டால் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கூட்டம் இன்னுமா நடக்குது? யாரும் நாற்காலியத் தூக்கிட்டுப் போறதையே பாக்கலயே, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னுல்ல நெனச்சேன்!"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. உங்கள் நாற்காலி தாழ்வாக இருக்கிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று உன் அத்தான் வீட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்பே கிளம்பினார். நான் போய்ச் சேர்ந்து வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று தெருவை எட்டி எட்டிப் பார்த்தேன். பிறகு வந்தார், பின்னால் ஒரு கும்பலோடு. 'முக்காலிய எங்க சார் தூக்கிட்டுப் போறீங்க?' என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத்தான் பேச ஆள் கிடைத்தால் போதுமே, அங்கங்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலில் போட்ட கட்டைக் காட்டி, கதையைச் சொல்லி, கேட்டவர்களையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் இயக்கம் முற்றத்திலா நடந்தது? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் அல்லவா நடந்தது! அந்த வழியைத்தான் உன் லாரி வந்து அடைத்துவிட்டது.

ஆகவே கேட்டுக்கொள். கொடுக்கிற கை நல்ல கைதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்துவிட்டு அந்தக் கை எங்கள் வாய்மேல் வந்து உட்காருவதென்றால், எங்களுக்கு வேண்டாம் சாமி. இல்லாதப்பட்டவர்கள் என்பதால் இனாமாக வருவதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. உன் முதலாளி மகாநல்லவர் என்கிறாய், இருக்கட்டும். அந்த மகாநல்லவருக்குக் கால் வலித்தால் வீட்டுக்கே டாக்டர் வருவார், எங்களுக்கு இந்த இரண்டு அறைதான். இதை விட்டுக்கொடுக்க மாட்டோம், மரியாதையாகவும் கத்தமாட்டோம். உன் நாற்காலிகளும் வேண்டாம், வண்ணச்சீட்டும் வேண்டாம், ஐந்து வருஷமும் வேண்டாம். உன் லாரிக்காகக் காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலை ஆளுக்கொன்றாகத் தூக்கிவந்து உன் அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, இந்தக் கடிதத்தையும் உன் கையில் கொடுத்துவிட்டுப் போவோம். இதனால் உன் வேலைக்குச் சங்கடம் வந்தால் எனக்கு வருத்தம்தான், உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். வருத்தத்தோடுதான் செய்வேன், ஆனால் செய்வேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தையைக் கேட்டதாகச் சொல். நோய்நொடி இல்லாமல், யாருக்கும் கைகட்டி நிற்காமல், நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நாற்காலி வராது, ஆள் கையில் இந்தக் கடிதம் மட்டும்தான் வரும். காலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினோமா, எங்கே போகிறீர்கள் என்று தெருத்தெருவாகக் கேட்டார்கள். சொன்னோம். அவரவர் வீட்டுக்குள் போய் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். உன் அலுவலகத்துக்கு வருகிற வழியில்தானே சுகாதார அலுவலகம்? அதன் வாசலுக்கு வந்ததும் கை வலித்தது, உட்கார்ந்துவிட்டோம். இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறோம், இதையும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்கள் ஒருங்கிணைப்பாளர் இரண்டு நாற்காலி தூக்கிவந்தாள். இப்போது எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவது அவள்தான், பரிந்துரை மாதிரியெல்லாம் இல்லை. அதிகாரி வெளியே வந்து, "யார் உங்களத் தூண்டிவிடறது?" என்று கேட்டார். உன் அத்தான் ஒரு நாற்காலியைத் திருப்பி அதன் முதுகிலிருந்த உங்கள் முத்திரையைக் காட்டிவிட்டார். ஆகவே உனக்குப் போன் வரும். எங்களைத் தெரியாது என்று சொல்வதானால் சொல்லிக்கொள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். தெரியும் என்று சொல்வதானால் போனில் சொல்லாதே, நேரில் வா. இங்கே உட்கார இடமில்லை, உன் சுழல் நாற்காலியை நீயே தெருவழியாகத் தூக்கிக்கொண்டு வா.