ஏரிக்கரையில் ஒரு சோகக் கவிதையும் சிரிப்பு கிளப்பும்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு கவிதையை வாய்விட்டுச் சொல்லிப் பழகணும்.

எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன். செமினார். விக்டோரியா மகாராணி காலத்துக் கவிதை. பத்து மார்க். ஏற்கெனவே ரெண்டு தடவை காய்ச்சல்னு சொல்லித் தப்பிச்சாச்சு. மூணாவது தடவை எங்க சார் தெளிவா சொல்லிட்டாரு. "காய்ச்சல் வந்தா காய்ச்சலோட வாம்மா. வரலன்னா ஜீரோ."

எனக்குக் கவிதை பிரச்சினை இல்ல. மனுஷங்க முன்னாடி பேசறதுதான் பிரச்சினை. ஷேர் ஆட்டோல "இறங்கணும்"னு சொல்லக் கூச்சப்பட்டு, வேற யாராவது இறங்கறப்போ சேர்ந்து இறங்கற ஆள் நான். ஒரு தடவை யாருமே இறங்கல. நசரத்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்தேன்.

வீட்டுல பழகலாம்னா, எங்களது ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். நான் ஒரு வரி சொன்னா அம்மா சமையல்கட்டுல இருந்து "யார்கிட்டடி பேசற?"னு கேப்பாங்க. பக்கத்து வீட்டுல இருந்தும் கேப்பாங்க.

அதனால காலைல, காலேஜ் போறதுக்கு முன்னாடி, ஏரிக்கரை பார்க்குக்குப் போனேன். தண்ணியப் பாத்த மாதிரி ஒரு பெஞ்ச். ஆளே இல்ல.

கிளம்பறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு சின்ன வெங்காயம் உரிச்சுக் குடுத்திருந்தேன். அதே கையால கண்ணைத் தேய்ச்சேன். இது ஒரு முக்கியமான தகவல்.

கவிதை இதுதான். ஒருத்தன் ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு ஆத்தங்கரைக்குத் திரும்பி வரான். அங்கதான் ஒரு பொண்ணைப் பாத்திருக்கான். ஒரே ஒரு வசந்த காலம். மனசுல இருந்ததைச் சொல்லல. அவ போயிட்டா. இளமையும் போயிடுச்சு. ஆறு மட்டும் அப்படியே ஓடுது.

என் வழக்கம், முதல்ல தமிழ்ல சொல்லிப் பாப்பேன். அப்புறம் இங்கிலீஷ். அன்னைக்கும் கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த, ஏரியைப் பாத்து நல்லா உணர்ச்சியோட சொன்னேன்.

"இளமை போயிடுச்சு. காதலும் போயிடுச்சு. இனிமே எனக்கு இந்தத் தண்ணி மட்டும்தான் மிச்சம்."

பின்னாடி செருப்புச் சத்தம். பார்க் வாட்ச்மேன் அண்ணன்.

"பாப்பா... இன்னா பாப்பா, தண்ணியப் பாத்துகினு இன்னா பேச்சு பேசற? மொதல்ல எயுந்து இப்டி வா."

நான் பதில் சொல்லாம தலையை மட்டும் ஆட்டினேன். என் பாஷையில அதுக்கு "ஒண்ணும் இல்லண்ணா"னு அர்த்தம். அவருக்கு எல்லாம் உறுதியாயிடுச்சு. விசில் எடுத்து ஊதினாரு.

அந்தப் பக்கம் சிரிப்பு கிளப் நடந்துட்டு இருந்துச்சு. தெரியாதவங்களுக்கு: ரிட்டயர் ஆனவங்க வட்டமா நின்னு, கையை மேல தூக்கி, காரணமே இல்லாம "ஹா ஹா ஹோ ஹோ"ன்னு சிரிப்பாங்க. உடம்புக்கு நல்லதாம். விசில் கேட்டதும் தூக்கின கையோடயே ஓடி வந்தாங்க.

தலைவர் தங்கராஜ் சார். ஃபேக்டரில இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவர்.

"என்னம்மா பிரச்சினை?"

"கவிதை சார்..."

"எல்லாரும் மொதல்ல கவிதைதாம்மா எழுதுவாங்க."

"நான் எழுதல சார். வேற ஒருத்தர் எழுதினது."

உடனே விஜயா ஆன்ட்டி முன்னாடி வந்தாங்க. எங்க குவார்ட்டர்ஸ்ல ரெண்டாவது பிளாக். "எழுதிக் குடுத்துட்டு இப்ப எங்க போயிட்டானாம் அந்தப் பய?"

"செத்துட்டாரு ஆன்ட்டி."

தூக்கின கையெல்லாம் கீழ இறங்கிடுச்சு. ஆன்ட்டி என்னை இழுத்துக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. "நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு"ன்னு அவங்க தோள்பட்டைக்குள்ள சொன்னேன். தோள்பட்டை தவிர யாருக்கும் கேக்கல.

கடைசில தங்கராஜ் சார் என் கையில இருந்த பிரின்ட்அவுட்டை வாங்கிப் பாத்தாரு.

"பாடமாம்மா இது?"

"ஆமா சார். முதல் பீரியட் செமினார். நான் உடனே போகணும் சார்."

"அப்போ அர்த்தத்தைச் சொல்லிட்டுப் போ. உண்மையிலேயே பாடம்தான்னா சொல்லத் தெரியும்ல? முப்பது வருஷம் செக் பண்ணாம ஒரு பீஸ் வெளிய விட்டதில்ல நான். இல்லன்னா சொல்லு, உங்க அப்பாவுக்குப் போன் போடறேன்."

அப்பாவா, கவிதையான்னு பாத்தா கவிதை பரவாயில்ல. ஏரியைப் பாத்துத் திரும்பிக்கிட்டு ஆரம்பிச்சேன். விஜயா ஆன்ட்டி எதுக்கோ போனைத் தூக்கிப் பிடிச்சாங்க.

"முதல் பத்தில 'நாங்க'ன்னு வருது. கடைசிப் பத்தில 'நான்'னு மட்டும்தான் வருது. நடுவுல என்ன ஆச்சுன்னு கவிஞர் சொல்லல. அந்த ஒரு வார்த்தை மாறினதுலயே மொத்தக் கதையும் இருக்கு."

கண்ணை மறுபடியும் தேய்ச்சுக்கிட்டேன்.

"கை மேல!"ன்னாரு தங்கராஜ் சார். "ஹா ஹா! ஹோ ஹோ!"

மொத்தக் கிளப்பும் சிரிச்சுது. நான் திரும்பிப் பாத்தேன்.

"தப்பா நினைக்காதம்மா. கிளப் ரூல். யாராவது சோகமா பேசினா ஒரு ரவுண்டு சிரிச்சுட்டுதான் மேல போகணும். நீ சொல்லு."

விக்டோரியா காலத்துக் கவிதையில சோகத்துக்குப் பஞ்சமே இல்ல. பூ உதிர்ந்தது. ஹா ஹா ஹோ ஹோ. பொழுது சாஞ்சது. ஹா ஹா ஹோ ஹோ.

நடுவுல ஆன்ட்டி சந்தேகம் கேட்டாங்க. "அவ இருந்தப்பவே அவன் ஏன்டி சொல்லித் தொலைக்கல?"

"கூச்சம் ஆன்ட்டி."

"யாரு, உன்ன மாதிரியா?"

நான் அடுத்த பத்திக்குப் போனேன்.

"ஏம்மா, இளமை போச்சுன்னு இவ்ளோ அழறானே, அவனுக்கு வயசு என்ன?"ன்னு தங்கராஜ் சார் கேட்டாரு.

"நாப்பது இருக்கும் சார்."

அதுக்கு வந்த சிரிப்பு இருக்கே! அதுக்கு மட்டும் யாரும் "கை மேல"ன்னு சொல்லவே இல்ல. ஒருத்தர் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு. வாட்ச்மேன் அண்ணன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, "நாப்பதா? இன்னும் பால்பல்லே வியலயே அவனுக்கு!"ன்னாரு.

பாஸ் பண்ணி விட்டாங்க. "பத்திரமா போய்ச் சேர்ந்துட்டேன்னு ஒரு மெசேஜ் போடு"ன்னு ஆன்ட்டி என் நம்பரை வாங்கிக்கிட்டாங்க.

காலேஜ் போறதுக்குள்ள முதல் பீரியட் முடிஞ்சுடுச்சு. சார் ஸ்டாஃப் ரூம்ல இருந்தாரு. மார்க் ஷீட்ல என் பேருக்கு நேரா பேனா நின்னுட்டு இருந்துச்சு.

"இன்னைக்கு என்ன காய்ச்சல்?"

என்ன சொல்றது? அந்த நேரம் போன் அதிர்ந்துச்சு. விஜயா ஆன்ட்டி. "நல்லா பேசினடி, அம்மாகிட்ட காட்டு"ன்னு வீடியோ. அம்மாகிட்டதான் காட்டச் சொன்னாங்க. நான் போனை அப்படியே சார்கிட்ட நீட்டினேன்.

சார் முழுசா பாத்தாரு. ஃபுல் சவுண்டுல. ஸ்டாஃப் ரூம் பூரா ஹா ஹா ஹோ ஹோ. மத்த மேடம் எல்லாம் வந்து சுத்தி நின்னாங்க. முடிஞ்சதும் கண்ணாடியைக் கழட்டினாரு.

"'நாங்க', 'நான்' பாயின்ட் நல்லா இருக்கு. எட்டு மார்க்."

"ரெண்டு மார்க் ஏன் சார் குறைச்சீங்க?" வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வாத்தியார்கிட்ட கேள்வி கேட்டேன்.

"ரொம்ப சோகமான இடத்துல எல்லாம் ஆடியன்ஸ் சிரிக்குது. கவிதையோட தொனி போயிடுச்சேம்மா."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அம்மா வாசல்லயே நிக்கறாங்க. வீடியோ குவார்ட்டர்ஸ் குரூப் முழுக்கப் போயிருக்கு. கீழ ஆன்ட்டியோட வாசகம்: "ஏரியில் காப்பாற்றப்பட்ட நம்ம பொண்ணு."

போன அந்த ரெண்டு மார்க்குக்கு நியாயமா தங்கராஜ் சாரைத்தான் கேக்கணும். கேக்கத்தான் கூச்சமா இருக்கு.