சோடா ஊற்றில் ஒரு வெள்ளிக்கிழமை

இருந்தது ஒரே ஒரு தகரக் குவளை. அதில் அதுவரை ஒன்பது பேர் வாய் வைத்துக் குடித்ததை முத்துராமன் எண்ணிவிட்டான். பத்தாவது ஆள் அவன்.

"வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க தம்பி, மரியாதைக் குறைச்சலா எடுத்துக்குவாங்க" என்று காதோரம் சொன்னார் டிரைவர் கௌஸ் முகம்மது.

"எச்சில் குவளையா இருக்கே, பாய்."

"கண்ணை மூடிக்கிட்டு ஒரு மடக்கு. நான் போயி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்."

அவர் போய்விட்டார். அவரோடு அரபியும் போய்விட்டது. முத்துராமனுக்குத் தெரிந்த அரபி எல்லாம் சேர்ந்து நாலு வார்த்தை தேறும்.

எழுபத்தைந்தாம் வருஷம். துபாயில், தேராவில் ஒரு வியாபாரக் கம்பெனியில் அவன் டைப்பிஸ்ட். விசா கொடுத்த முதலாளிதான் கபீல். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஊரிலிருக்கும் பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள முடியும். கல்யாணமான இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறியவன், இரண்டு வருஷமாக அந்தக் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறான். ஷியாமளாவின் போன கடிதத்தில் நலம் விசாரிப்புகூட இல்லை. "பாரம் என்ன ஆச்சு?" என்று ஒரே ஒரு வரி.

அந்த விசா விண்ணப்பப் பாரம் இப்போது அவன் சட்டைப் பையில் மடித்து இருந்தது. ஷியாமளாவின் பெயர், வயது, ஊர் எல்லாம் நீல மையில் அழகாக எழுதியிருந்தான். யோசனை கௌஸ் பாயுடையது. "ஆபீஸ்ல கேட்டா நாளைக்கும்பாரு. வெள்ளிக்கெழம சொந்த ஊருக்குப் போறாரு, கூட வாங்க. அவரு அத்தா பக்கத்துல இருக்கும்போது மனுசன் பஞ்சு மாதிரி. அப்ப நீட்டுங்க."

மொட்டை மலைகளுக்கு நடுவே பழைய கோட்டை கட்டிய ஊர் அது. கோட்டைக்குக் கீழே பேரீச்சந்தோப்பு. தோப்புக்குள் கல் கட்டிய தொட்டி. அதன் அடியிலிருந்து தண்ணீர் கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டே இருந்தது. யாரும் வாயு அடைக்காமல் பூமியே போட்டுக் கொடுக்கும் சோடா.

தொட்டி விளிம்பில் கபீலின் தகப்பனார், வெள்ளை வெளேர் தாடியோடு உட்கார்ந்திருந்தார். கபீலும் இரண்டு தம்பிகளும் தண்ணீரைக் காட்டிக் காட்டி அவரிடம் எதையோ கெஞ்சினார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஏதோ குடும்ப விஷயம் போலிருக்கிறது என்று முத்துராமன் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

பெரியவர் அவனைக் கண்டதும் தம் கையாலேயே குவளையை நிரப்பி நீட்டினார்.

வாய் வைக்கக் கூடாது. வேண்டாமென்றும் சொல்லக் கூடாது. நம் ஆட்களுக்கு இதற்கெல்லாம் வழியா தெரியாது? குவளையை ஒரு முழம் தூக்கி, அண்ணாந்து, கடகடவென்று ஊற்றிக்கொண்டான்.

மோராக இருந்தால் ஒழுங்காகத் தொண்டைக்குள் போயிருக்கும். இது பாதி வழி போய், மனம் மாறி, மூக்கு வழியாகத் திரும்பியது. கண் இருண்டது. வந்த தும்மலில் உள்ளே போன மொத்தமும் பெரியவரின் முகத்தில் போய் விழுந்தது.

முத்துராமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்க வேண்டும். நாலு வார்த்தையில் மன்னிப்பு இல்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"மாஃபி முஷ்கில்."

பிரச்சினை ஒன்றுமில்லை என்று அர்த்தம். துப்பல் வாங்கியவர் சொல்ல வேண்டியதைத் துப்பியவன் சொல்கிறான். கபீலின் புருவம் மேலே போனது.

சரி, துடைத்தாவது விடுவோம் என்று பையிலிருந்து கைக்குட்டையை உருவி, பெரியவரின் தாடியைப் பயபக்தியோடு துடைத்தான். துடைக்கத் துடைக்கத் தாடி நீலமானது. அப்போதுதான் கையைப் பார்த்தான். கைக்குட்டை இல்லை, பாரம். ஷியாமளா, வயது இருபத்திரண்டு, மன்னார்குடி, எல்லாம் பெரியவரின் தாடிக்குக் குடி போய்விட்டிருந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி மிச்சம் ஒரே வழிதான். நெடுஞ்சாண்கிடையாகப் பெரியவரின் காலில் விழுந்தான்.

நம் ஊரில் இதற்கு மேல் மன்னிப்பு கிடையாது. ஆனால் ஆண்டவனைத் தவிர யாருக்கும் தலை வணங்காத ஊரில் அது பெரிய பிழை. "அஸ்தக்ஃபிருல்லா" என்று பதறிய பெரியவர், அவன் கைக்கு எட்டாதபடி இரண்டு காலையும் மேலே தூக்கினார். உட்கார்ந்திருந்தது வழுவழுப்பான விளிம்பு. அப்படியே பின்னால் சாய்ந்து தொட்டிக்குள் தொப்பென்று விழுந்தார்.

முத்துராமன் யோசிக்கவில்லை, குதித்துவிட்டான். அக்குளில் கை கொடுத்துப் பாதி தூக்கினான். பாசி வழுக்கியது. பெரியவர் இரண்டாவது முறை முங்கினார். மறுபடி தூக்கப் போனபோது அவன் கையைத் தட்டிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். மகன்கள் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

'உண்ணாவிரதமே ஆரம்பிச்சுட்டாரே' என்று முத்துராமன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கபீல் தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார். பெற்ற தகப்பனைக் கண்ணெதிரே குளிப்பாட்டினால் எந்த மகன்தான் அழமாட்டான்? கொஞ்ச நேரம் கழித்து, துபாய்க்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தக்காளி லாரியைக் காட்டி, "யல்லா" என்று ஒரே வார்த்தை சொன்னார். கிளம்பு என்று அர்த்தம்.

ஈரச் சட்டையோடு, தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, மூன்றரை மணி நேரம். எந்த முகத்தோடு ஷியாமளாவுக்குக் கடிதம் எழுதுவது? 'உன் பெயரை ஒரு கிழவரின் தாடியில் பூசிவிட்டேன்' என்றா?

மறுநாள் சனிக்கிழமை. கபீல் அனுப்புவதற்கு முன்னால் தானே போய்விடுவதுதான் மானம் என்று முடிவு பண்ணி, ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்தான். நாலு முறை தப்பாக அடித்து நாலு தாளைக் கசக்கினான். ஐந்தாவது தாளில் இருக்கும்போது கௌஸ் பாய் உள்ளே வந்தார்.

"கபீல் கூப்புடுறாரு தம்பி."

"தெரியும் பாய். இதோ முடிஞ்சுது. டிக்கெட் மட்டும் அவர் போட்டுக் கொடுப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

"டிக்கெட்டா? உங்க சம்சாரத்தோட பாரத்தை மறுபடி எழுதிக் கொண்டாரச் சொன்னாரு. கையெழுத்துப் போடப் போறாராம்."

முத்துராமன் டைப் அடிப்பதை நிறுத்தினான்.

"பாய், விளையாடாதீங்க. அவங்க அத்தாமேல துப்பினேன். தாடியைப் பாழாக்கினேன். தண்ணிக்குள்ள தள்ளி ரெண்டு முறை முக்கினேன். எனக்கு எதுக்குக் கையெழுத்து?"

கௌஸ் பாய் சாவகாசமாக மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டார்.

"மூட்டுவலிக்கு அந்தத் தண்ணியில உக்காருங்கன்னு ஒரு வருசமா டாக்டரும் மூணு மகனுங்களும் கெஞ்சியும் கால் விரலைக்கூட நனைக்காத மனுசன், நேத்தோட வலி விட்டுப்போச்சுன்னு, இனி வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம அந்த மதராஸி ஹக்கீம் வைத்தியரு வந்து துப்பி, தாடியைத் தொடச்சு, தள்ளிவிட்டாத்தான் எறங்குவேன்னு அடம் பிடிக்கிறாரு, தம்பி."